கஞ்சி வாசனை போன துணி

உன் துணியை இன்று துவைத்துவிட்டார்கள்.

காலையில் அலுவலகக் கதவைத் திறந்ததும் பால்கனிக் கம்பியில் அது காய்ந்துகொண்டிருந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பழுப்பு நிறம் போய் வெளுத்து, துவண்டு, பக்கத்து வீட்டுப் படுக்கை விரிப்பு காற்றில் பறந்துவந்து மாட்டிக்கொண்டது போலிருந்தது. உள்ளே மேசையில் அது சுற்றியிருந்த வழக்குக் கட்டு அவிழ்ந்து கிடந்தது. தாள்கள் பறக்காமலிருக்க மேலே சட்டப் புத்தகம் ஒன்று. என் குமாஸ்தா சரோஜா அக்கா பெருமையாக வந்து நின்றார்.

"ஏனுங் மேடம், எத்தன வருசத்து அழுக்குங்க அது! நேத்துச் சாயங்காலம் ஊட்டுக்குக் கொண்டுபோயி, காலைல ரெண்டு தண்ணி அலசி ஈரத்தோட கொண்டாந்துபோட்டேனுங்க. இப்பப் பாருங்க, மல்லிப்பூவாட்ட இருக்குது."

"நல்லதுங்க அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் உள்ளே போனதும் துணியை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தேன். சோப்புத்தூள் வாசனைதான் வந்தது. கஞ்சியும் தறி எண்ணெயும் கலந்த அந்தப் புளிப்பு வாசனை முழுதாகப் போய்விட்டது. நீ போன பிறகு உன் குரலைப் போனில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. இந்த வாசனை இருக்கிறதே என்ற தைரியம்தான். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் உன் தறிக்கூடத்து வாசலில் நிற்பதுபோல் இருக்கும். இனி அது இல்லை.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். "காடாத் துணின்னா ஒருநாளைக்குத் துவைக்கத்தான் வேணும். உன்ற கேஸ் கட்டுக்கு வருசம் பூரா சூடங் காட்டுவாங்களா?" என்றிருப்பாய்.

இரண்டு தீபாவளி போய்விட்டது நீ இல்லாமல். இத்தனை நாளும் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியதில்லை. எழுத்து என்றால் எனக்கு இப்போதெல்லாம் பயம். ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் இன்று எழுதுகிறேன்.

கல்லூரியில் நீ விடுதிப் பெண், நான் துடியலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். விடுதிச் சாப்பாட்டுக்குப் பயந்து என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமலே திறப்பாய். அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. முதல் வருடம் கோயில் நோம்பிக்கு உங்கள் ஊருக்குக் கூட்டிப்போனாய். பல்லடத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, தறிச் சத்தம் கேட்கிற திசையிலேயே நடந்தோம். உன் அம்மா என்னை உட்காரவைத்துவிட்டுக் கேட்டார்:

"அப்பா என்ன பண்றாங்க கண்ணு?"

"காட்டு வேலைக்குப் போறாங்க, கூலிக்கு. அம்மாவும்தான்."

அதற்குப் பிறகு வந்த அமைதி எனக்குப் பழக்கமானது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த இடத்தில் அந்த அமைதி வரும். நீதான் உடைத்தாய். "அவங்கப்பா என்னமோ பண்றாரு. என்ற அப்பா தறி ஓட்டறாருன்னு காலேஜுல எவ கேட்டா? காப்பிய ஊத்தும்மா."

காப்பி வந்தது. எனக்கு ரோஷம். "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். உன் அம்மா மறுபடி சொன்னார். மறுபடி வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை டம்ளரை என் கையில் திணித்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். "ஒருக்கா வேண்டாம்னா உட்டுர்ற ஊடு இதில்ல கண்ணு. ரெண்டாந் தடவ கேக்காம வெச்சா அது மாட்டுக்குக் காட்டற தண்ணி."

அந்த அமைதிக்காகவும் சேர்த்துத்தான் அவர் அதைச் சொன்னார் என்று இன்றுவரை நம்புகிறேன். குடித்தேன். உங்கள் ஊரில் யாரும் முதல் தடவையில் மனதில் இருப்பதைச் சொல்வதில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்தும் மறந்தேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் சட்டம் படிக்கப் போனேன். நீ கல்யாணம் செய்துகொண்டு தறிக்கூடத்துக்குப் போனாய். அது உன் மாமனார் வைத்திருந்த பழைய விசைத்தறி. நீயும் உன் வீட்டுக்காரரும் அதை எடுத்துவிட்டு, வங்கிக்கடன் வாங்கி ஆட்டோ லூம் என்கிற புதுத் தறிகள் போட்டீர்கள். உள்ளே கணக்கும் சரக்கும் உன் பொறுப்பு. வெளியே அலைவது அவர். எனக்கு அப்போது ஜீவனாம்ச வழக்கும் செக் வழக்கும்தான் வரும். பெண் வக்கீல் என்றால் குடும்பநீதிமன்றத்துக்கு என்று சீனியர்களே ஒதுக்கிவிட்டிருந்தார்கள். ஒருநாள் கோபமாக நீ சொன்னாய், "ஊர்ல இத்தன மில்லு நட்டத்துல கெடக்குது, பவுண்டரி மூடறான், எக்ஸ்போர்ட்காரன் கை விரிக்கறான். அத்தனைக்கும் வக்கீலு வேணுமில்ல. நீ புருசன் பொண்டாட்டி சண்டையவே பாத்துட்டுக் கெட."

அப்புறம் அந்தப் புதிய திவால் சட்டம் வந்தது. பழைய சீனியர்களுக்கும் அது புதிது, எனக்கும் புதிது. அது ஒன்றுதான் நாங்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்ற இடம். நான் உட்கார்ந்து படித்தேன். விசாரணைக்குச் சென்னைக்குப் போகவேண்டும் என்பதால் பலருக்கு ஆர்வமில்லை. நான் இரவு ரயிலில் போய், மறுநாள் இரவு ரயிலிலேயே திரும்பி வந்தேன். மெல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெள்ளைச்சட்டை போட்டு, கார் சாவியை மேசையில் வைத்து, முதல் கால்மணி நேரம் மழையைப் பற்றியும் என் அப்பா உடம்பைப் பற்றியும் பேசிவிட்டு, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "கம்பெனி கொஞ்சம் செரியில்லைங்க" என்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று தலைமுறை இருக்கும். திவாலானவன் நீட்டும் காகிதத்தின் பேரையே நீ எனக்கு வைத்தாய், "மஞ்சக் கடுதாசி". போனை எடுத்ததும், "என்ன மஞ்சக் கடுதாசி, இன்னிக்கு எவன் ஊட்டுல எழவு?" என்பாய். உன் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "வாயில வெளக்குமாத்த வெக்கோணும், வக்கீலம்மாகிட்டப் பேசற பேச்சா அது?" என்று சத்தம் போடுவார்.

நீ ஒருநாள் என் மேசைக்கு முன்னால் உட்கார்வாய் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

அந்தப் போன் வந்தபோது நான் நீதிமன்ற வளாகத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஸ்டியரிங். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். உன் குரல் எனக்குப் பழக்கமில்லாத உயரத்தில் இருந்தது.

"துணி செரியில்லைங்கறான். ஆறு மாசமா அதே துணியத்தான் வாங்கித் தெச்சு கப்பல் ஏத்துனான். பணம் கேட்டு ரெண்டு தடவ ஆள் போனதுக்கப்புறம் இப்ப துணி செரியில்லையாம். நானே மேசைல போட்டு, கீழ லைட்டு எரியவிட்டு, கெஜம் கெஜமாப் பாத்து அனுப்புன துணி. ஒரு முடிச்சு இருந்தாக் காட்டச் சொல்லு. நான் நாக்கப் புடுங்கற மாதிரி ஒண்ணு எழுதப் போறேன்."

நீ சொன்ன அந்த ஏற்றுமதிக் கம்பெனிதான் உன் முக்கால்வாசிச் சரக்கை எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் கொடுத்தால்தான் நீ நூல் கடைக்கும் வங்கிக்கும் கட்டமுடியும். அது எனக்குத் தெரியும். பின்னால் ஹாரன்.

"கோவத்துல எழுதாத" என்றேன். "நீ சண்டைன்னு போனா அவன் இன்னும் இழுப்பான். மரியாதையா ரெண்டு வரி போடு. 'எங்க பக்கம் ஏதாச்சும் கொற இருந்திருந்தா மன்னிச்சுக்குங்க, அடுத்த லாட்டுல செரி பண்ணிக் குடுக்கறோம், பாக்கிய இந்த மாசம் பாத்து அனுப்புங்க'ன்னு போடு. அவனுக்கும் மொகத்தக் காப்பாத்துனாப்ல இருக்கும். பணம் வந்துரும்."

"நான் எதுக்குடி மன்னிப்புக் கேக்கோணும்?"

"சும்மா ஒரு பேச்சுக்கு. நம்மூர்ல எவன்தான் கேக்காம இருக்கறான்?"

உண்மைதான். இந்த ஊரில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப் போகிறவன்தான் வாசலில் நின்று, "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பிப்பான். காலை மிதித்தவனிடம் மிதிபட்டவன், "பாக்கலீங்க" என்பான். இதிலேயே வளர்ந்த எனக்கு அது யோசித்துச் சொன்ன யோசனையாகக்கூடத் தோன்றவில்லை. வழி கேட்டவருக்கு இடதுபக்கம் என்று கை காட்டுவதுபோல் சொன்னேன். திவால் சட்டத்தில் பெயரெடுத்த வக்கீல் நான். அன்று அந்தப் போனை வக்கீலாகக் கேட்கவில்லை, தோழியாகக் கேட்டேன். ஒழுங்கான தோழியாகவாவது கேட்டிருந்தால், வண்டியை ஓரமாக நிறுத்தியிருப்பேன்.

நீ எழுதினாய். உன் லெட்டர்ஹெட்டில், உன் கையெழுத்தில். உன் கையெழுத்து எப்போதும் அழகு.

பணம் வரவில்லை. நான்கு மாதம் கழித்து நீயும் அவரும் என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். நோட்டீஸ் அனுப்பினோம். பாக்கி வைத்த கம்பெனியைத் திவால் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். ஆனால் நோட்டீஸுக்கு முன்பே சரக்கைப் பற்றித் தகராறு இருந்திருந்தால் மனு நிற்காது. இதுதான் சட்டம். இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். உன் விஷயத்தில் தகராறு எதுவும் இல்லை, வெறும் வாய்ப்பேச்சுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதம் எனக்கு நினைவிலேயே இல்லை.

பத்தாம் நாள் பதில் வந்தது. கடைசிப் பக்கத்தில் இணைப்பாக உன் கடிதத்தின் நகல். நீ எதிரே உட்கார்ந்து, நான் படிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் கீழே டீக்கடைக்குப் போயிருந்தார். "எங்கள் பக்கம் ஏதாவது குறை இருந்திருந்தால் மன்னித்துக்கொள்ளவும்." என் வாக்கியம். நான் சொன்ன வரிசையிலேயே, ஒரு சொல்லும் விட்டுப்போகாமல்.

"இது நான் சொன்னது" என்றேன்.

நீ அந்த நகலை உன் பக்கம் இழுத்துப் படித்தாய்.

"இதத்தான் தகராறுங்கறாங்க. நீயே குறைய ஒத்துக்கிட்டேங்கறாங்க."

"தெரியுது. நானும் பி.காம் படிச்சவதான்."

எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. நான் வழக்கிலிருந்து விலகி, வேறொரு வக்கீலை வைத்து, சாட்சியாகப் பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கலாம். பணத்தை வரவழைப்பதற்காக மரியாதைக்கு எழுதச் சொன்னது நான். துணியில் குறை இல்லை என்றுதான் அன்று நீ என்னிடம் சொன்னாய். நடந்தது இதுதான் என்று. தீர்ப்பாயம் அதை ஏற்றிருக்குமா, தெரியாது. அவர்கள் சாட்சிகளை வைத்து நீளமாக விசாரிக்கிற இடம் இல்லை. ஆனால் உன் பக்கத்துக் காகிதங்களில் அந்தக் கடிதத்துக்கு ஒரு மறுபக்கம் இருந்திருக்கும். எனக்கும் ஒன்று நடந்திருக்கும். கட்சிக்காரருக்குத் தவறான யோசனை சொல்லி, கூண்டேறி அதை ஒப்புக்கொண்ட வக்கீல் என்று கோயம்புத்தூர் முழுதும் தெரிந்திருக்கும். கார் சாவியை மேசையில் வைக்கிறவர்கள் வேறு மேசையைத் தேடிப் போயிருப்பார்கள்.

இதில் முதல் பாதியை மட்டும் உன்னிடம் சொன்னேன். "நான் வெலகிக்கறேன். சாட்சி சொல்றேன்."

நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாய். "வேண்டாம் உடு" என்றாய். "நீ கூண்டுல ஏறிட்டா எனக்கு எவன் வக்கீலு? எழுதுனது நானு. யாரு சொன்னாங்கறது என்னத்துக்கு இப்ப?"

படியில் அவர் ஏறிவரும் சத்தம் கேட்டது. கையில் மூன்று டீ. "யாரு எழுதச் சொன்னா இத?" என்று அவர் கேட்டபோது, "நானாத்தான் எழுதுனேன்" என்றாய். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

நீ வேண்டாம் என்றாய். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

உன் அம்மா வீட்டில் ஒரு டம்ளர் காப்பிக்கு மூன்று முறை கேட்கப்பட்டவள் நான். உங்கள் வீட்டில் முதல் "வேண்டாம்" என்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது என்று தெரிந்தவள். அன்று அந்த "வேண்டாம்" எனக்கு வசதியாக இருந்தது. அதை அப்படியே வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

சென்னையில் விசாரணை நடந்த நாள் நினைவிருக்கிறதா? ரயிலில் எலுமிச்சம்பழச்சோறு கொண்டுவந்திருந்தாய். "தோத்தாலும் ஜெயிச்சாலும் பசிக்குமில்ல" என்று எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாய். அமர்விலிருந்த இரண்டு பேரில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. உன் கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் நிதானமாகப் படித்தார். மொழிபெயர்ப்பில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. எழுந்து நின்று, இது குறையை ஒப்புக்கொள்வது அல்ல, எங்கள் பகுதியில் பேச்சைத் தொடங்கும் முறை இது, அங்கே யாரும் மன்னிப்புக் கேட்காமல் எதையும் கேட்பதில்லை என்று வாதாடினேன். அவர் கேலி செய்யவில்லை. உங்கள் ஊர் மரியாதையை மதிக்கிறேன், ஆனால் என் முன்னால் இருப்பது ஒரு காகிதம், அதில் ஒரு கையெழுத்து என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

மனு தள்ளுபடி. சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஒரு வரி. மேல்முறையீட்டிலும் அதேதான்.

சிவில் வழக்குப் போட்டோம். அது நகர்வதற்குள் உன் வங்கி நகர்ந்தது. தறிகளை எடுக்க வந்த அன்று நானும் வந்திருந்தேன். நான் வந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. எடுத்துப்போகிறவர்கள் சரியான காகிதங்களோடுதான் வந்திருந்தார்கள். அந்தக் காகிதங்களை நான் ஒருமுறைக்கு இருமுறை படித்தேன், எங்காவது ஒரு பிழை இருக்காதா என்று. இல்லை. ஒவ்வொரு தறியாக நின்றது. கடைசித் தறி நின்றதும், அத்தனை வருடமாகச் சத்தமாகவே பேசிப் பழகிய நீ, "எல்லாரும் சாப்டுட்டுப் போங்க" என்று கத்தினாய். வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தறியைக் கழற்றிப்போக வந்தவர்களுக்கும் சேர்த்துச் சோறு ஆக்கியிருந்தாய். அதில் ஒருவர் "வேண்டாங்க" என்றார். நீ இரண்டாம் முறையும் கேட்டாய், மூன்றாம் முறையும் கேட்டாய். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்றுதான் இந்தத் துணியைக் கொடுத்தாய். அந்தக் கம்பெனி சரியில்லை என்று சொன்ன லாட்டில் மிச்சமிருந்த துண்டு. "கேஸ் கட்டுக் கட்ட வெச்சுக்க. பிஞ்சா வந்து சொல்லு, நானே தோத்தேன்னு ஒத்துக்கறேன்."

கடைசியில் அந்தக் கம்பெனியும் விழுந்தது. வேறொரு வங்கி அதைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. வங்கியின் மனுவில் மரியாதைக் கடிதம் எதுவும் இருக்கவில்லை. திவால் நடவடிக்கை தொடங்கினால் மற்ற வழக்குகள் நிற்கவேண்டும் என்பதால் நம் சிவில் வழக்கு அதோடு நின்றது. உன் பாக்கியைக் கோரிப் படிவம் போட்டோம். தீர்ப்பாயம் அமர்த்திய ஆட்கள் ஒப்புக்கொண்டார்கள், முழுதாக ஒப்புக்கொண்டார்கள். துணியில் குறை என்று இந்தத் தடவை ஒருவரும் சொல்லவில்லை. கம்பெனியை எடுத்துக்கொண்ட புதிய முதலாளியின் திட்டத்தில் வங்கிகளுக்கு ஏதோ கிடைத்தது. சரக்குக் கொடுத்த உன்னைப் போன்றவர்களின் பெயருக்கு எதிரே பூஜ்யம். சட்டப்படி அதுவும் சரிதான். அதை உனக்கு விளக்கிச் சொன்னபோது, "பரவால்ல, நான் சொன்னது பொய்யில்லன்னாவது ஒத்துக்கிட்டானே" என்றாய். அதைச் சொல்லும்போது உனக்கு வயிற்றுவலி ஆரம்பித்திருந்தது. எங்களிடம் சொல்லவில்லை.

மருத்துவமனையில் உன்னைப் பார்க்க வந்த கடைசி நாள், சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று நான் விட்டிருக்கக்கூடாது, மறுபடி கேட்டிருக்கவேண்டும், எனக்கு என் பேர் முக்கியமாகிவிட்டது என்று. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாய்.

"மஞ்சக் கடுதாசி, மன்னிப்பு கின்னிப்புன்னு எதாச்சும் எழுதிக் குடுத்துறாத. அப்புறம் அதையே நம்பர் போட்டு எதிர்க்கட்சிக்காரன் கோர்ட்டுல வெச்சிருவான்."

இரண்டு பேரும் சிரித்தோம். உனக்குச் சிரிக்க வலித்தது. நர்ஸ் வந்து என்னை முறைத்தாள். நான் சொல்லவந்ததைச் சொல்லாமல் எழுந்து வந்தேன். அன்றும் நீ ஒருமுறைதான் வேண்டாம் என்றாய்.

பதினாறாம் நாள் காரியத்தில் உன் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாடகை வீட்டு வாசலில் பந்தல். "அந்தக் கடுதாசி மட்டும் எழுதாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார். "யாரோ சொல்லிக் குடுத்துத்தாங்க எழுதியிருப்பா. அவ மன்னிப்புக் கேக்கற ஆளா? எத்தனயோ தடவ கேட்டுப் பாத்தேன், கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்க." நான் என் முன்னால் இருந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ரசம் ஊற்றினார்கள்.

இப்போதும் இதே வேலைதான் செய்கிறேன். முன்பைவிட அதிகமாக வருகிறது. சில சமயம் வங்கிப் பக்கம், சில சமயம் கம்பெனிப் பக்கம். வருகிறவர்களிடம் முதலில் அவர்கள் எழுதிய கடிதங்களைக் கேட்கிறேன். சிவப்புப் பேனாவை எடுத்து மரியாதையை எல்லாம் அடிக்கிறேன். போன வாரம் ஒரு பவுண்டரிக்காரர் தான் எழுதிவந்த கடிதத்தை நான் அடித்துக் கொடுத்ததைப் படித்துவிட்டு நெளிந்தார்.

"மொட்டையா இருக்குதுங்களே மேடம். நாளைக்கு அவர ஒரு விசேசத்துல பாத்தா எப்படிங்க மூஞ்சில முழிக்கறது?"

"முழிக்க வேண்டாங்க" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை எங்கிருந்தோ வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்று மதியம் துணி காய்ந்துகொண்டிருக்கும்போது உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் இப்போது பல்லடத்தில் இன்னொருவர் தறிக்கூடத்தில் சூப்பர்வைசர். உனக்குத் தெரியாது. பின்னால் தறிச் சத்தம். "ஒரு நிமிசம் இருங்க வக்கீலம்மா" என்று வெளியே வந்தார்.

சொன்னேன். எல்லாவற்றையும். எழுதச் சொன்னது நான் என்றும், சாட்சி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை என்றும், நீ அவரிடம் மறைத்தது எனக்காக என்றும். வாதம்போல் இல்லாமல், இடையில் நிறுத்தி நிறுத்தி.

அவர் இன்னும் தள்ளிப்போனார் போல, தறிச் சத்தம் குறைந்தது.

"அதுக்கென்னுங்க இப்ப" என்றார். "நீங்க நல்லதுக்குத்தானுங்க சொல்லியிருப்பீங்க."

"இல்லீங்க அண்ணா. உங்களுக்குக் கோவம் இருந்தா திட்டிப்போடுங்க."

"ஐயோ, அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"நெசமாத்தான் சொல்றீங்களா அண்ணா?"

"நெசந்தானுங்க. இங்க தறி ஒண்ணு நின்னுபோச்சுங்க, நான் பாக்கோணும். இந்தப்பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்க, ஒருவாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம். வெச்சர்றனுங்க."

மூன்று முறை கேட்டுவிட்டேன். இந்தத் தடவை விடவில்லை. மூன்று முறையும் எனக்கு மரியாதைதான் கிடைத்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இனி தெரியவும் தெரியாது. மன்னித்துவிட்டாரா, மறுபடி என் முகத்தில் முழிக்கவே கூடாது என்று நினைக்கிறாரா, இரண்டுக்கும் இந்த ஊரில் ஒரே பதில்தான். எந்தத் தீர்ப்பாயமாவது இதைப் படித்துச் சொல்லிவிட்டால் தேவலை.

துணி காய்ந்துவிட்டது. எடுத்து ஜன்னல் கம்பிமேல் பரப்பினேன். உன் மேசையில் கீழிருந்து விளக்கு எரியும். எனக்கு மேற்கு வெயில். நீ செய்வதுபோலவே ஒரு கைப்பிடி அகலமாகத் தள்ளித் தள்ளி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்தேன். கஞ்சி போனதால் இழைகள் தனித்தனியாகத் தெரிந்தன. எங்காவது ஒரு முடிச்சு, ஓர் இழை விட்டுப்போன இடம், ஒரு எண்ணெய்ப் பொட்டு கண்ணில் பட்டால் எனக்கு எவ்வளவோ இலேசாகப் போயிருக்கும். நிஜமாகவே தேடினேன். சரோஜா அக்கா எட்டிப் பார்த்து, "கறை ஏதாச்சும் போகலீங்களா மேடம்?" என்றார்.

"ஒரு குறையும் இல்லீங்க அக்கா" என்றேன்.

அதைச் சொல்லி முடித்தபிறகுதான் தெரிந்தது. சத்தியம் செய்து நான் சொல்லியிருக்கவேண்டிய வாக்கியம் அவ்வளவுதான். மேசைக்குப் போய் நாளைக்கான தாள்களை அடுக்கி, உன் துணியில் வைத்துக் கட்டினேன். மெத்தென்று ஆகிவிட்டது, முடிச்சு முன்போல் விறைப்பாக நிற்கவில்லை. இரண்டாம் முறை இறுக்கவேண்டியிருந்தது.